கட்டில் சாய்வும் இரத்த ஓட்டமும்: ஒரு திறனாய்வு

ஒருவர் மயங்கி விழுந்தால், சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர், "காலைத் தூக்கிப் பிடியுங்கள், இரத்தம் தலைக்கு ஏறட்டும்" என்று சொல்வது வழக்கம். மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் இதே எண்ணம் நிலவியது. இரத்த அழுத்தம் சரிந்த நோயாளியின் கட்டிலில், கால்பக்கத்தின் அடியில் மரக்கட்டைகளை வைத்துத் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார்கள். இதற்கு நேர்மாறான கருத்து ஒன்றும் பரவியுள்ளது. தலைப்பக்கத்தை அரை அடி உயர்த்தி உறங்கினால் இரத்த ஓட்டம் சீராகும். கால் வீக்கம், சிரைப் புடைப்பு, முதுகுவலி எனப் பல நோய்கள் தீரும் என்பது அக்கருத்து.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. ஆயினும் இரண்டும் நிற்பது ஒரே அடிப்படையில்தான். தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாயும், இரத்தமும் நீர்மம், ஆகவே உடலைச் சாய்த்தால் இரத்தம் தாழ்ந்த பக்கம் ஓடும் என்பதே அது. கேட்பதற்கு எளிமையாகவும் நியாயமாகவும் இருப்பதால்தான் இந்தக் கருத்து இத்தனை நாள் நிலைத்தது. இது எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் தவறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழாய்க் கணக்கு

முதலில் ஈர்ப்பு விசையின் பங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரத்தத்தின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம். ஒரு செ.மீ. உயரமுள்ள இரத்தத் தூண் ஏறத்தாழ 0.78 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தரும். நாம் நிமிர்ந்து நிற்கும்போது மூளை இதயத்திற்கு மேலே சுமார் 30 செ.மீ. உயரத்திலும், பாதம் இதயத்திற்குக் கீழே சுமார் 120 செ.மீ. ஆழத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது மூளைத் தமனிகளில் அழுத்தம், இதயத்தின் அளவிலுள்ள அழுத்தத்தைவிட ஏறத்தாழ 23 மி.மீ. குறைவாக இருக்கும். பாதத்திலோ ஏறத்தாழ 93 மி.மீ. கூடுதலாக இருக்கும். படுத்துவிட்டால் இந்த வேறுபாடுகள் மறைந்துவிடும்.

இனி, 2 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டிலின் தலைப்பக்கத்தை 15 செ.மீ. உயர்த்துவோம். சாய்வு எவ்வளவு? நான்கு பாகைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இந்தச் சாய்வில் மூளை இதயத்தைவிட இரண்டேகால் செ.மீ. மட்டுமே உயரும். மூளையில் ஏற்படும் அழுத்த மாற்றம் 2 மி.மீ.க்கும் குறைவு. நாம் ஒவ்வொரு முறை எழுந்து நிற்கும்போதும் 23 மி.மீ. மாற்றத்தைத் தாங்கும் மூளைக்கு இது மிகச் சிறியது. பாதத்தில் மட்டும் ஏறத்தாழ 7 மி.மீ. அழுத்தம் கூடும்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். படுத்திருக்கும்போது கால் சிரைகளில் அழுத்தம் இயல்பாகவே குறைவு. அதன்மேல் 7 மி.மீ. கூடுவது அற்பமானதன்று. தலைப்பக்கத்தை உயர்த்தினால் கால் வீக்கமும் சிரைப் புடைப்பும் வற்றும் என்பவர்கள், தாங்கள் நம்பும் ஈர்ப்பு விசைக் கணக்கையே தலைகீழாகப் போடுகிறார்கள். கால் வீங்கியவர்களைக் காலை உயர்த்தி வைக்கச் சொல்லும் பழைய அறிவுரையே இக்கணக்கோடு பொருந்துகிறது.

உடல் தரும் பதில்

கணக்கு இதோடு முடிந்துவிட்டால் வேலை எளிது. ஆனால் நம் இரத்தக் குழாய்கள் இறுகிய இரும்புக் குழாய்கள் அல்ல. நம் உடலிலுள்ள ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் மூன்றில் இரு பங்கு, எளிதில் விரியக்கூடிய சிரைகளில் இருக்கிறது. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் மார்பிலிருந்து விலகி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அப்படியிருந்தும் நாம் மயங்கி விழுவதில்லை. ஏன்?

கழுத்துத் தமனிகளிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் குறைந்தால் சில நொடிகளில் இதயத் துடிப்பு விரைவாகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. அழுத்தம் கூடினால் இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது. கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளிலுள்ள வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. மூளையின் சிறு தமனிகளும் தேவைக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் தமக்கு வரும் இரத்தத்தின் அளவைக் காத்துக்கொள்கின்றன.

நேரம் நீண்டால் சிறுநீரகமும் சேர்ந்துகொள்கிறது. இதனை விண்வெளி ஆய்வாளர்கள் நன்கு அறிவர். எடையற்ற நிலையைத் தரையில் ஆராய்வதற்காக, நலமான தன்னார்வலர்களைத் தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைக்கிறார்கள். முதலில் இரத்தமும் நீரும் தலையை நோக்கி நகர்கின்றன, முகம் உப்புகிறது. மார்பில் இரத்தம் மிகுந்துவிட்டதாக உடல் கொள்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. சில நாள்களில் இரத்தத்தின் மொத்த அளவே குறைந்துவிடுகிறது. பிறகு இவர்களை நிற்கவைத்தால் பலருக்குத் தலை சுற்றுகிறது. சிலர் மயங்கியும் விடுகிறார்கள். தலைக்கு இரத்தத்தை அனுப்புவதாக எண்ணிய சாய்வு, முடிவில் நின்றால் தலைக்கு இரத்தம் போதாத நிலையை உண்டாக்கிவிட்டது!

ஆகவே, சாய்வு என்ன செய்யும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஈர்ப்பு விசை உடனே செய்வது ஒன்று; அதற்கு உடல் சில நொடிகளிலும் மணிகளிலும் நாள்களிலும் தரும் பதில் மற்றொன்று. நோயாளியின் நிலையை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

தலை தாழ்ந்த நிலையின் வரலாறு

தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் நிலைக்கு மருத்துவ நூல்களில் "ட்ரெண்டலன்பர்க் நிலை" என்று பெயர். பிரீட்ரிக் ட்ரெண்டலன்பர்க் (1844–1924) ஜெர்மனியின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அடிவயிற்றில் அறுவை செய்யும்போது குடல்கள் குறுக்கே வந்து மறைக்கும். நோயாளியைத் தலைகீழாக நன்கு சாய்த்துவிட்டால் குடல்கள் உதரவிதானத்தின் பக்கம் சரிந்து, அடிவயிறு தெளிவாகத் தெரியும். அவருடைய மாணவர் வில்லி மேயர் 1885-இல் இந்த நிலையை எழுதி வெளியிட்டார்; 1890-இல் ட்ரெண்டலன்பர்க்கே எழுதினார். அறுவை மருத்துவருக்கு இடவசதி தருவதே அதன் நோக்கம். இரத்த அழுத்தத்தை உயர்த்துவது பற்றிய பேச்சே அதில் இல்லை. அறுவைக் கூடங்களில் அந்நிலை இன்றும் பயன்படுகிறது. அது பற்றி நமக்குக் குறை ஒன்றுமில்லை.

முதல் உலகப் போரில்தான் அதன் பொருள் மாறியது. காயமுற்று இரத்தம் இழந்து "அதிர்ச்சி நிலை"யை அடைந்த வீரர்களுக்கு, தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்கும் முறையை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் பரிந்துரைத்தார். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் திரும்பும் என்பது அவர் எண்ணம். சில ஆண்டுகளுக்குப் பின் அவரே அக்கருத்தைக் கைவிட்டார். ஆனால் வழக்கம் அவரோடு திரும்பி வரவில்லை; அது பாடநூல்களில் ஏறி, செவிலியர் பயிற்சியில் புகுந்து, முதலுதவிக் குறிப்புகளிலும் இடம் பிடித்துவிட்டது.

உடல் தன் உள்நிலையைத் தானே சமன்செய்து காத்துக்கொள்கிறது என்ற கருத்துக்கு அறிவியலில் பெயர் சூட்டியவரும் இதே கானன்தான். அந்தச் சமநிலைதான் கட்டிலின் சாய்வைப் பயனற்றதாக்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

சோதனைகள் கூறியவை

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகே இவ்வழக்கம் முறையாகச் சோதிக்கப்பட்டது. 1967-இல் டெய்லர், வெய்ல் என்ற இருவர், அதிர்ச்சி நிலையிலிருந்த நோயாளிகளிடம் அளவிட்டு, தலை தாழ்ந்த நிலை இரத்த ஓட்டத்தை மேம்படுத்தவில்லை என்று அறிவித்தனர். ஆய்வில் இருந்தவர்கள் சிலரே. எனினும் ஐயம் எழுந்துவிட்டது. 1979-இல் இன்னும் அதிகமான நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்விலும், இரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கு நம்பத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை.

1985-இல் வேறொரு வகையில் அளந்து பார்த்தனர். நலமானவர்களின் இரத்தத்தில் கதிரியக்கக் குறியீட்டைச் சேர்த்து, 15 பாகை தலைகீழாகச் சாய்த்து, எவ்வளவு இரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு நகர்கிறது என்று கணக்கிட்டனர். நகர்ந்தது மொத்த இரத்தத்தில் 1.8 விழுக்காடு மட்டுமே! 5 லிட்டர் இரத்தமுள்ள ஒருவருக்கு இது 90 மி.லி.; அரைத் தம்ளருக்கும் குறைவு. 1995-இல் நடந்த ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 10 பாகைச் சாய்வில் முதல் நிமிடத்தில் இதயம் வெளித்தள்ளும் இரத்தம் கூடியது. பத்து நிமிடத்திற்குள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

பயன் இல்லை என்பதோடு பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா? முடியாது. தலைகீழாகச் சாய்க்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை அழுத்துகின்றன. நுரையீரல் முழுதும் விரிய முடிவதில்லை. தலையிலிருந்து இரத்தம் வடிவது தடைப்படுகிறது; தலைக்காயம் உள்ளவருக்கு இது ஆபத்து. வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகவும் கூடும். மூச்சுக்கும் இரத்தத்துக்கும் போராடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நாம் இவற்றைக் கூடுதல் சுமையாக ஏற்றுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் வழக்கம் எளிதில் மறையவில்லை. 1997-இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ அனைவரும் இந்நிலையைப் பயன்படுத்தியதாகக் கூறினர். இதற்குக் காரணம் காண்பது கடினமன்று. கட்டிலைச் சாய்க்கும் அதே வேளையில் நோயாளிக்கு உப்புநீரும் இரத்தமும் ஏற்றப்படுகின்றன. அவர் தேறினால் பெருமை சாய்வுக்கும் போகிறது. முதல் நிமிட உயர்வைக் கண்டு மகிழ்ந்தவர்கள் பத்தாவது நிமிடத்தில் வேறு வேலையில் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட ஏதாவது செய்வது மனத்திற்கு ஆறுதல். ஆனால் ஆறுதல் பெறுபவர் நோயாளி அல்லர்.

காலை மட்டும் உயர்த்துவது இதிலிருந்து வேறுபட்டது என்பதையும் கூற வேண்டும். மல்லாந்து படுத்தவரின் கால்களை 30 முதல் 60 பாகை உயர்த்தினால், தலையைத் தாழ்த்தாமலே கால்களின் இரத்தம் இதயத்தை அடைகிறது. 2015-ஆம் ஆண்டின் பன்னாட்டு முதலுதவி நெறிகள், காயம் இல்லாதவருக்கு இதைச் செய்யலாம் என்றன. அதன் பயன் குறுகிய நேரத்திற்கே என்றும் குறிப்பிட்டன. தீவிர சிகிச்சையில் மருத்துவர்கள் இதனை ஒரு சோதனையாகவே கையாள்கிறார்கள். காலை உயர்த்தியதும் இதய வெளியீடு கூடினால், இவருக்கு நீர்மம் ஏற்றினால் பயனிருக்கும் என்று அறியலாம். சில நிமிடங்களே நிற்கும் விளைவைச் சிகிச்சையாகக் கொள்ளாமல் அளவுகோலாகக் கொண்டது அறிவுடைமை. ஆகவே, வெறுமனே மயங்கியவரின் காலைத் தூக்கச் சொல்பவர் தவறிழைக்கவில்லை. ஆனால் அவரை மல்லாத்திப் படுக்கவைத்ததிலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது.

தலையை உயர்த்துவோரின் வாதம்

இனி எதிர்த்தரப்பைக் காண்போம். 1990-களில் இங்கிலாந்திலிருந்து பரவிய ஒரு கொள்கை, எல்லாரும் தலைப்பக்கம் உயர்ந்த சாய்வுக் கட்டிலில் உறங்க வேண்டும் என்கிறது. மரங்களில் சாறு சுழல்வது போல, இரத்தத்தில் கரைந்துள்ள கனமான உப்புகள் சரிவில் கீழிறங்கி, ஓட்டத்தை இழுத்துச் செல்கின்றன என்பது அதன் விளக்கம்.

இதயம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதாவது உடலின் இரத்தம் முழுவதும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. இவ்வளவு வேகமாகக் கலங்கி ஓடும் நீர்மத்தில், கரைந்துள்ள உப்பு தனியே பிரிந்து கீழிறங்கி ஓட்டத்தை நடத்த இடமேது? மரத்திற்கு இதயம் இல்லை. ஆகவே அந்த ஒப்புமையும் பொருந்தவில்லை. பண்டை எகிப்தியரின் கட்டில்கள் சில தலைப்பக்கம் உயர்ந்து இருந்ததையும் சான்றாகக் காட்டுவர். அவ்வாறு சில கட்டில்கள் இருந்தது உண்மையே. எகிப்தியர் அப்படி உறங்கினர் என்பதற்குத்தான் அது சான்று. நலமாக இருந்தனர் என்பதற்கு அன்று.

இருந்தும், தலை உயர்ந்த படுக்கைக்கு உண்மையான பயன்கள் சில உண்டு. இரைப்பை அமிலம் இரவில் உணவுக்குழலில் ஏறி நெஞ்செரிச்சல் தருபவர்களுக்கு, கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது உதவுகிறது. இங்கே வேலை செய்வது இரத்த ஓட்டம் அன்று. அமிலம் சரிவில் திரும்பி இறங்குவதே. தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது. உடல் இடுப்பில் மடிந்து வயிறு அழுந்தும். இதயம் தளர்ந்தவர்களுக்குப் படுத்ததும் கால்களில் தேங்கிய நீர் மார்புக்குத் திரும்பி மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்தால் தணியும். "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். புதிதாக இப்படி மூச்சு முட்டுபவர் கட்டிலைச் சரிசெய்துகொண்டு திருப்தி அடையாமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும். சாய்வு அறிகுறியைத் தணிக்கும், நோயைத் தணிக்காது.

எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரியும் நோய்க்கும், தலை உயர்ந்த படுக்கை 1940 முதலே பரிந்துரைக்கப்பட்டு வந்தது. இரவில் சிறுநீரகம் உப்பை இழப்பது குறையும் என்ற அதன் காரணம் ஏற்கத்தக்கதே. ஆனால் அயர்லாந்தில் முதியவர்களிடம் ஆறு அங்குல உயர்த்தலை ஆறு வாரம் சோதித்து 2011-இல் வெளியிட்டபோது, சமமான படுக்கையில் உறங்கியவர்களைவிட அவர்கள் மேம்படவில்லை. ஆறு அங்குலம் என்பது நான்கு பாகைதான் என்ற நம் கணக்கை இங்கே நினைவுகொள்க.

நல்ல சோதனையும் மறு சோதனையும்

செயற்கைச் சுவாசத்தில் உள்ளவர்களைப் பற்றி 1999-இல் பார்சிலோனாவிலிருந்து ஒரு முடிவு வந்தது. 86 நோயாளிகளில், 45 பாகை சாய்ந்து இருத்தப்பட்டோரில் 8 விழுக்காட்டினருக்கும், சமமாகப் படுத்தோரில் 34 விழுக்காட்டினருக்கும் நிமோனியா ஐயம் ஏற்பட்டது. பெரிய வேறுபாடுதான். ஆனால் 2006-இல் நெதர்லாந்தில் மீண்டும் சோதித்தபோது, 45 பாகை என்று திட்டமிட்டவர்கள் உண்மையில் ஏறத்தாழ 28 பாகையையே அடைய முடிந்தது, பயனும் தெரியவில்லை. கட்டளையிட்ட சாய்வு வேறு, நோயாளி உண்மையில் பெற்ற சாய்வு வேறு என்பதை அளந்து காட்டியதே இந்த ஆய்வின் சிறப்பு. தலை உயர்ந்த நிலை அந்நோயாளிகளுக்கு இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. எத்தனை பாகை என்பதில்தான் பிடிவாதம் தளர்ந்துள்ளது.

மூளைத் தாக்கம் என்னும் பக்கவாத நோயில் கேள்வி இன்னும் கூர்மையானது. சமமாகப் படுக்கவைத்தால் மூளைத் தமனிகளில் ஓட்டம் கூடுவதை ஒலி அலைக் கருவிகள் காட்டின. ஆகவே அதுவே நல்லது என்று பலர் கருதினர். 2017-இல் வெளியான ஒரு பெரும் சோதனையில், இந்தியாவும் இலங்கையும் உட்பட ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 11,093 நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு பகுதியினர் 24 மணி நேரம் சமமாகப் படுத்தனர். மற்றவர் தலையை 30 பாகை உயர்த்தியிருந்தனர். 90 நாள்களுக்குப் பின் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஓட்டம் கூடுவதும் நோயாளி தேறுவதும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கிற்று. எனினும், பெரிய தமனி அடைபட்டு, அடைப்பை நீக்கும் சிகிச்சைக்குக் காத்திருப்போரிடம் மட்டும் 2025-இல் வெளியான ஒரு சிறு சோதனை, அந்தச் சில மணி நேரத்திற்குச் சமமான படுக்கை நன்மை தருவதாகக் கண்டது. இரண்டு முடிவுகளும் முரண்படவில்லை. கேட்ட கேள்விகளே வேறு.

மாணவர்களுக்கு ஒரு சொல்

ஏதேனும் ஒரு படுக்கை நிலை உடல்நலத்திற்கு நல்லது என்று யாரேனும் கூறினால், மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை பாகை? எவ்வளவு நேரம்? எந்த நோயாளிக்கு, எதனோடு ஒப்பிட்டு? அரை அடி உயர்த்தல் சில பாகைகளே என்பதும், ஒரு நிமிடத்து விளைவு பத்து நிமிடத்தில் மறையலாம் என்பதும், நெஞ்செரிச்சலுக்கு உதவுவது கால் வீக்கத்தைக் கூட்டலாம் என்பதும் இக்கேள்விகளால் வெளிப்பட்டவை.

தலையைத் தாழ்த்தியவர்களும் உயர்த்தியவர்களும் ஈர்ப்பு விசையைச் சரியாகவே அறிந்திருந்தனர். உடல் தரும் பதிலை அளந்து பார்க்கவில்லை என்பதே அவர்கள் மீதுள்ள குறை. அளப்பதற்கு வேண்டிய கருவிகள் கிடைத்த பின்னும் ஒரு வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தப் பத்தாண்டுகளில் மூச்சுக்குத் திணறியபடி தலைகீழாகச் சாய்க்கப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை.